கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா?

நெல்லைச் சீமையின் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,



பாபநாசம் அணையில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்பது நம் பக்கத்து நாளிதழ்களில் அன்றாடம் வரும் செய்தி. கார் சாகுபடிக்கும் பிசானத்துக்கும் நாள் பார்க்க அந்தக் கணக்கு வேண்டும். ஆனால் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கும் கீழே, வாய்க்கால் ஓய்ந்துபோகும் இடத்தில் நாற்றங்கால் போட்டுக் காத்திருக்கும் விவசாயிக்கு அது பாதிச் செய்திதான். அவர் கேட்பது ஒரே கேள்வி: கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா? கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் வழியாகப் பிரிந்து ஓடும் ஆறு இது. திறந்துவிட்ட நீர் வேறு, வந்து சேர்ந்த நீர் வேறு என்பதை இந்த ஆற்றங்கரையில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இந்த மடலில் நான் வைக்கும் வாதம் முழுவதும் அந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. வகுப்பறையில் நிகழும் பிழைகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டால் அவை நூறு இருக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: திறந்துவிட்டதை வைத்துக் கணக்கு முடிக்கிறோம், கடைசி பெஞ்சில் வந்து சேர்ந்ததை அளப்பதில்லை.

நம் பள்ளிகளில் அன்றாடம் புழங்கும் சொற்களே இதற்குச் சாட்சி. "பாடம் நடத்தியாச்சு", "போர்ஷன் முடிச்சாச்சு", "நோட்ஸ் குடுத்தாச்சு", "டெஸ்ட் வச்சாச்சு". இந்த நான்கு வாக்கியங்களிலும் வினையைச் செய்தவர் ஆசிரியர். மாணவருக்கு என்ன ஆனது என்பது ஒன்றிலும் இல்லை. ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்பதும் இதைத்தான், பாடக்குறிப்பேட்டில் எழுதுவதும் இதைத்தான், பெற்றோர் கூட்டத்தில் சொல்வதும் இதைத்தான். இதை உங்களைக் குறைசொல்ல எழுதவில்லை. ஊரும் அரசும் பெற்றோரும் சேர்ந்து உங்களிடம் அணையின் அடிக்கணக்கை மட்டுமே கேட்டுப் பழகிவிட்டோம். கேட்கப்படாத கணக்கை யாரும் எழுதிவைப்பதில்லை. ஆனால் அந்தக் கணக்கு இல்லாமல் கற்பித்தலின் பிழையைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது என்பதை இனி வரும் சான்றுகளைக் கொண்டு சொல்ல முயல்கிறேன்.

எளிய கழித்தல் கணக்கிலிருந்து தொடங்கலாம். 52இலிருந்து 28ஐக் கழிக்கச் சொன்னால் 36 என்று எழுதும் குழந்தை எந்த ஊர் வகுப்பிலும் உண்டு. சரியான விடை 24. பெரும்பாலும் அதன் மேல் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி விழும், "கவனக்குறைவு" என்ற சொல்லும் உடன் விழும். அதே குழந்தையிடம் 71இலிருந்து 46ஐக் கழிக்கச் சொல்லுங்கள், 35 என்று எழுதும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கவனக்குறைவு அங்கே துளியும் இல்லை. மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் சிறிய இலக்கத்தைப் பெரிய இலக்கத்திலிருந்து கழிப்பது என்ற விதியை அது ஒருமுறைகூடத் தவறாமல் பின்பற்றியிருக்கிறது. 1978இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பள்ளிக் குழந்தைகளின் எண்ணற்ற கழித்தல் விடைகளை ஆராய்ந்து சொன்னதும் இதுதான்: குழந்தைகளின் தவறுகளில் கணிசமானவை தற்செயலானவை அல்ல, ஒழுங்கான ஒரு தவறான விதியிலிருந்து வருபவை. அந்த விதி எங்கிருந்து வந்தது? "பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்கணும்" என்று ஒன்றாம் வகுப்பில் சொல்லித் தந்தோம். ஓரிலக்க எண்களோடு நிற்கும்வரை அந்த வாக்கியம் குழந்தையைக் காப்பாற்றியது. ஈரிலக்க எண்கள் வந்ததும் அதே வாக்கியம் குழியாகிவிட்டது. ஆக, அந்த 36 என்ற விடையில் இருப்பது குழந்தையின் பிழை மட்டுமல்ல, நம் பழைய வாக்கியமும்தான். சிவப்புக் குறி போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது நமக்கு வந்த கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

மொழிப் பாடத்தில் நம் ஊருக்கே உரிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. தென்மாவட்டப் பேச்சில் ழகரம் ளகரமாகவே பெரும்பாலும் ஒலிக்கிறது. பழம் "பளம்" ஆகும், மழை "மளை" ஆகும். வீட்டிலும் தெருவிலும் கேட்டதை ஒரு பிள்ளை அப்படியே எழுதினால் அதற்கு நாம் தரும் மருந்து "பத்துத் தடவை எழுதிட்டு வா" என்பது. பத்துத் தடவை எழுதும் கைக்கு அந்த ஒரு சொல் பழகிவிடும். அடுத்த வாரம் "வாழை" என்று எழுத வேண்டிய இடத்தில் மறுபடியும் "வாளை" வரும். ஏனென்றால் கோளாறு கையில் இல்லை. பிள்ளையின் காது இரண்டு ஒலிகளையும் இன்னும் பிரித்துக் கேட்கவில்லை. வகுப்பில் பாடம் சொல்பவரின் நாவும் இரண்டையும் ஒன்றாகவே ஒலித்தால் பிரித்துக் கேட்கும் வாய்ப்பு அந்தப் பிள்ளைக்கு எங்கேயுமே கிடைக்காது. நா எங்கே மடங்குகிறது, எங்கே தொடுகிறது என்று காட்டி, "வாழை", "வாளை" என்று இணையாகச் சொல்லிக் கேட்கவைத்து, பிறகு எழுதச் சொன்னால் பாதிப் பிழை எழுதுமுன்னரே தீரும். இதில் வட்டார வழக்கைத் தாழ்த்துவதற்கு ஒன்றும் இல்லை. வீட்டு மொழி பிள்ளையின் சொத்து. எழுத்துத் தமிழுக்கும் அதற்கும் நடுவில் பாலம் எந்த இடத்தில் வேண்டும் என்பதை அந்தப் பிழைதான் காட்டித் தருகிறது.

பாடத்தைக் கரைத்துக் குடித்தவர்களுக்கே இந்தப் பிழைகள் கண்ணில் படாமல் போவது ஏன்? 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி செய்த சோதனை இதற்கு விடை சொல்கிறது. சிலரிடம் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றின் தாளத்தை மேசையில் விரலால் தட்டச் சொன்னார். எதிரே இருப்பவர் அது எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்றே மூன்று. தட்டுகிறவர் மனத்துக்குள் மெட்டும் சொல்லும் முழுதாக ஓடிக்கொண்டிருக்கின்றன. கேட்பவருக்குக் கிடைப்பது வெறும் டக் டக் ஓசை. இருபது ஆண்டுகளாக ஒளிச்சேர்க்கையை நடத்தும் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதும்போது அவருக்குள் முழுப் பாட்டும் கேட்கிறது. முதன்முறை பார்க்கும் பிள்ளைக்கு அது சுண்ணக்கட்டியின் ஓசையாக மட்டும் இருக்கலாம். அறிவு மிகுதியாலேயே வருகிற குருட்டுத்தனம் இது. ஆகவே இன்னும் நன்றாகப் படித்துத் தயாரித்துக்கொண்டு வருவதால் மட்டும் இது தீராது. கேட்டுத்தான் தீர வேண்டும்.

கேட்கத்தான் செய்கிறோமே என்பீர்கள். "வெளங்கிட்டா?" என்கிறோம், "வெளங்கிட்டு சார்" என்று நாற்பது குரல் ஒரே மூச்சில் வருகிறது. அந்தக் குரலில் விளங்கியவர் யார், பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து வாயசைத்தவர் யார் என்று பிரிக்க முடியாது. விளங்காததை எல்லோர் முன்னாலும் எழுந்து சொல்லும் துணிச்சலைப் பத்து வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பதும் நியாயம் ஆகாது. தனியாக ஒருவரைக் கேட்கும்போதும் அவசரம் நம்மை வென்றுவிடுகிறது. மேரி பட் ரோவ் என்ற ஆய்வாளர் 1970களில் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு விநாடி அளவே என்று கண்டார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியதும் விடைகள் நீண்டன, விடை தெரியாது என்று சொல்வது குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். செலவே இல்லாத மாற்றம் இது. ஆனால் வகுப்பில் மூன்று விநாடி மௌனம் மூன்று நிமிடம்போல் கனக்கும். அந்தக் கனத்தைத் தாங்கப் பழகுவதும் கற்பித்தல் பயிற்சிதான்.

நல்லெண்ணமும் உழைப்பும் இருந்தால் போதாதா என்ற கேள்விக்கு வரலாறு தரும் விடை சற்றுக் கசப்பானது. பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்காகத் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரோடு நடக்கிறது. அந்தப் பள்ளி தோன்றுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னால், 1880இல், இத்தாலியின் மிலான் நகரில் அந்தத் துறையின் ஆசிரியர்கள் ஓர் அனைத்துலக மாநாடு கூட்டினார்கள். சைகை மொழியைவிட உதட்டசைவைப் பார்த்துப் பேசப் பழக்கும் முறையே மேலானது என்று தீர்மானம் போட்டார்கள். அதன்பின் பல நாடுகளில் வகுப்பறையிலிருந்து சைகை விலக்கப்பட்டது, செவித்திறன் அற்ற ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள், தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் தங்களுக்கு இயல்பான மொழியில் பாடம் கேட்கும் வாய்ப்பை இழந்தார்கள். 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு வரிசையின் கூட்டம் அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தமும் தெரிவித்தது. நடுவில் கழிந்தவை 130 ஆண்டுகள். மிலானில் கூடியவர்கள் கொடியவர்கள் அல்லர், குழந்தைகளின் நலனுக்கென்றே வாழ்ந்தவர்கள். ஆனால் அந்த அவையில் செவித்திறன் அற்றவராக அமர்ந்திருந்தவர் ஒரே ஒருவர். கற்பவரைக் கேளாமல் கற்பித்தலைப் பற்றி முடிவெடுத்தால் எவ்வளவு பெரிய அறிஞர் அவையும் எவ்வளவு நீண்டகாலம் தவறிக்கொண்டே இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இன்னொரு சான்று நம் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. 1922இல் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிச் சேரன்மகாதேவிக்கு மாறிய குருகுலத்தை வ.வே.சு. ஐயர் நடத்தினார். திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தவர், தமிழ்ச் சிறுகதைக்கு முன்னோடி, நாட்டுக்காக நாடுகடந்து வாழ்ந்தவர். தேசியக் கல்வி என்ற பெரிய கனவுக்காகத்தான் அந்தப் பள்ளி எழுந்தது. அங்கே பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது. பெற்றோர் விருப்பம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 1924, 1925ஆம் ஆண்டுகளில் அது தமிழ்நாடு காங்கிரஸையே உலுக்கிய சிக்கலாகி, வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் முன்னின்று எதிர்க்க, தமிழக அரசியலின் போக்கையே திருப்பியது. அரசியல் விளைவை எல்லோரும் பேசியிருக்கிறார்கள். இந்த மடலுக்கு வேண்டியது அதிலுள்ள கற்பித்தல் பாடம். அந்தக் குருகுலத்தில் வாயால் சொல்லித் தந்த பாடம் நாட்டின் ஒற்றுமை. பந்தி சொல்லித் தந்த பாடம் வேறு. இரண்டும் முரண்பட்டபோது பந்தியின் பாடமே பிள்ளைகளின் மனத்தில் ஆழப் பதிந்தது. நாம் நடத்துவதாக எண்ணியிராத பாடங்களையும் பிள்ளைகள் கற்றுக்கொண்டே இருக்கிறார்கள். யாரை எங்கே உட்காரவைக்கிறோம், யாரைப் பெயர் சொல்லி அழைக்கிறோம், யாரைத் தண்ணீர் எடுத்துவர அனுப்புகிறோம், யார் விடையைப் பாதியில் நிறுத்துகிறோம் என்பவை எல்லாம் பாடத்திட்டத்தில் இல்லாத பாடங்கள்.

நூறு ஆண்டுகள் கழிந்தும் அந்தப் பாடம் பழையதாகிவிடவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். சாதிக் காழ்ப்போடு அதைச் செய்தவர்கள் உடன் படித்த மாணவர்களே. அதையொட்டி அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுப்பது, வகுப்பறையில் பிள்ளைகளை அகர வரிசையில் அமரவைப்பது போன்ற பரிந்துரைகள் அதில் இருந்தன. சிலருக்கு அவை சிறிய விஷயங்களாகத் தோன்றின. ஆனால் வகுப்பறையின் ஒழுங்கே ஒரு பாடம் என்பதை அந்தக் குழு சரியாகப் புரிந்துகொண்டிருந்தது. அந்த மாணவர்களின் மனத்தைப் பள்ளி மட்டும் உருவாக்கவில்லை, வீடும் ஊரும் கைபேசியும் சேர்ந்தே உருவாக்கின. ஆயினும் ஒரு நாளின் நல்ல நேரம் முழுவதையும் அவர்கள் கழித்த இடம் வகுப்பறை. அங்கே யாரோடு யார் பேசுவதில்லை, எந்த பெஞ்ச் எந்தத் தெருவுக்கு உரியதாகிவிட்டது என்பதைக் கவனிக்கும் கண் அங்கே இருந்தாக வேண்டும் என்று கேட்பது உங்கள்மேல் பழி சுமத்துவது ஆகாது.

இனி உங்கள் தரப்பு மறுப்புகளுக்கு வருகிறேன். அவற்றில் நியாயம் இருப்பதால் அவற்றை நேராகவே எதிர்கொள்ள வேண்டும். முதலாவது: பிள்ளை படிப்பதில்லை, வீட்டில் படிக்கவைக்க ஆளில்லை, அதற்கு ஆசிரியர் என்ன செய்வார்? முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள், வயலுக்கும் பீடி சுற்றவும் போகும் பெற்றோர், கைபேசியில் கரையும் மாலைப்பொழுது எல்லாம் உண்மை. ஆனால் காரணம் வெளியே இருக்கிறது என்று முடிவுசெய்த கணத்தில் நம் பக்கம் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். கடைமடை காய்ந்தால் மழை பொய்த்தது என்று சொல்லலாம், அது பல நேரம் உண்மையும்கூட. ஆனால் வாய்க்காலில் எங்கே அமலை மண்டியிருக்கிறது, எந்த மதகு உடைந்திருக்கிறது என்று நடந்து பார்த்த பிறகே அப்படிச் சொல்லும் உரிமை வருகிறது. வீட்டை மாற்றும் அதிகாரம் ஆசிரியரிடம் இல்லை. நாளைய வகுப்பின் முதல் வாக்கியத்தை மாற்றும் அதிகாரம் முழுவதும் அவரிடமே இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு நேரம் பற்றியது. நாற்பது, ஐம்பது பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடங்கள், தலைக்கு மேல் தொங்கும் பொதுத்தேர்வு, போதாக்குறைக்கு எமிஸ் இணையதளப் பதிவேற்றங்கள். இதற்கு நடுவில் ஒவ்வொரு பிள்ளையின் பிழையையும் ஆராய்வது எப்படி? இந்தச் சுமையில் ஒரு பகுதியைக் குறைக்க வேண்டியது அரசின் கடமை, அதை இங்கே எழுதிவைக்கிறேன். ஆனால் அடித்தளம் இல்லாமல் ஓட்டி முடித்த பாடம் நேரத்தை மிச்சப்படுத்துவதே இல்லை. ஆறாம் வகுப்பில் பின்னம் பிடிபடாத பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் வட்டியோடு நேரம் கட்ட வேண்டியிருக்கிறது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்துக்குப் பின், 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒரே வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததன் பொருள் இதுதான்: பதிவேட்டில் இருக்கும் வகுப்பும் பிள்ளை உண்மையில் நிற்கும் இடமும் ஒன்றல்ல என்று அரசே ஒப்புக்கொண்டது. தொடக்கப் பள்ளியில் ஒப்புக்கொண்ட உண்மை உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் பொய்யாகிவிடாது. நாற்பது விடைத்தாளிலும் நாற்பது விதமான பிழை இருப்பதில்லை என்பதையும் நினைவில் வைக்கலாம். ஒரே மாதிரிப் பிழைகள் சேர்ந்து சேர்ந்து நிற்கும். மூன்று நான்கு வகையைப் பிடித்துவிட்டால் வகுப்பின் பெரும்பகுதியைத் தொட்டுவிடலாம்.

மூன்றாவது மறுப்பைப் பெரியவர்களிடம் அடிக்கடி கேட்கலாம்: அந்தக் காலத்தில் அடித்து, மனப்பாடம் செய்யவைத்துத்தானே படித்தோம், கெட்டா போனோம்? 1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ உத்தரவிட்ட கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாவட்டத்துத் திண்ணைப் பள்ளிகளும் இடம்பெற்றன. எண்சுவடியையும் நெல்லிலக்கத்தையும் நினைவில் ஏற்றிய அந்தப் பள்ளிகளைக் குறைத்து எண்ணுவது தவறு. ஆனால் அங்கே மனப்பாடத்தின் மறுபக்கமாக ஒன்று இருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் வாத்தியாரிடமோ சட்டாம்பிள்ளையிடமோ தனித்தனியாக முறை ஒப்பிக்க வேண்டும். யார் எந்த வாய்பாட்டில் தடுக்குகிறார் என்பது நாள்தோறும் தெரிந்துவிடும். நாம் மனப்பாடத்தை வைத்துக்கொண்டோம், தனித்தனியாகக் கேட்கும் பழக்கத்தை விட்டுவிட்டோம். எடுத்துக்கொண்டிருக்க வேண்டியது இரண்டாவதைத்தான். விட்டொழித்திருக்க வேண்டியது கோதண்டம் என்ற தண்டனையையும் பிரம்பையும். தமிழ்நாட்டில் 2003இலேயே கல்வி விதிகளைத் திருத்தி உடல் தண்டனை தடைசெய்யப்பட்டது, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு மனத்துன்பம் தருவதையும் சேர்த்துத் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள். அடிக்கு அஞ்சும் பிள்ளை முதலில் கற்பது பிழையை மறைக்கும் வித்தையை: பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதும், கைடைக் காப்பியடிக்கும், தலையாட்டும். பிரம்பு பிழையை ஒழிப்பதில்லை, ஆசிரியரின் கண்ணிலிருந்து ஒளித்துவைக்கிறது. நம் கைக்கு வர வேண்டிய ஒரே சான்றை நாமே அழித்துக்கொள்கிறோம்.

நான்காவது மறுப்பு வெளியே பேசப்படாதது, மற்ற மூன்றையும்விட வலிமையானது: தவற்றை ஒப்புக்கொண்டால் மதிப்புப் போய்விடும். கரும்பலகையில் ஒரு கணக்கு தப்பிவிட்டால் சட்டென்று அழித்துவிடும் கை அந்த அச்சத்தால்தான் நகர்கிறது. ஆனால் பிள்ளைகள் அதை ஏற்கெனவே பார்த்துவிடுகிறார்கள். "நேற்று நான் சொன்னது சரியாக வரவில்லை, இன்றைக்கு வேறு மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்" என்ற ஒரு வாக்கியம் இரண்டு பாடங்களைத் தருகிறது. ஒன்று, அன்றைய பாடம். மற்றது, தவறுவதும் திருத்திக்கொள்வதும் படித்தவர்களின் இயல்பு என்ற பாடம். விடை தெரியாது என்று சொல்லும் துணிவைப் பிள்ளைகளிடம் கேட்கும் நாம் அதை முதலில் செய்து காட்ட வேண்டியவர்கள். மதிப்பு என்பது தவறாமையில் இல்லை, பிள்ளையின் நலனை நம் கௌரவத்துக்கு மேலே வைப்பதில் இருக்கிறது. அதை எந்த வகுப்பும் கண்டுகொள்ளும்.

கல்லூரி ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு சொல். தூய யோவானும் சாராள் தக்கரும் தூய சவேரியாரும் ம.தி.தா. இந்துக் கல்லூரியும் இருக்கும் திருநெல்வேலி, பாளையங்கோட்டை இரட்டை நகரத்தில், நன்றாக உரையாற்றும் பேராசிரியருக்கு எப்போதுமே பெரிய மதிப்பு உண்டு. அது நம் பெருமை. ஆனால் 2019இல் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வு ஒன்று எச்சரிக்கை தருகிறது. தெளிவான விரிவுரையைக் கேட்ட மாணவர்கள் நிறையக் கற்றதாக உணர்ந்தார்கள். கணக்குகளைத் தாங்களே போட்டுத் திணறியவர்கள் குறைவாகக் கற்றதாக எண்ணினார்கள். தேர்வு வைத்தபோது திணறியவர்களே கூடுதலாகக் கற்றிருந்தார்கள். நன்றாக ஓடும் உரை, புரிந்துவிட்டது என்ற மயக்கத்தைப் பேசுபவருக்கும் கேட்பவருக்கும் சேர்த்தே தருகிறது. மாணவர்களின் கைதட்டலும் கடைமடையின் ஈரமும் ஒன்றல்ல.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? பெரிய திட்டம் எதையும் நான் முன்வைக்கவில்லை. வகுப்பு முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது ஒரே ஒரு கணக்கையோ கேள்வியையோ கொடுத்து, துண்டுத்தாளில் பெயர் இல்லாமல் எழுதி வாங்குங்கள். பெயர் இல்லாததால் பிள்ளை அஞ்சாது. அந்தத் தாள்கள் மாணவருக்கான தேர்வு அல்ல, உங்கள் பாடத்துக்கான தேர்வு. அவற்றைத் தவற்றின் வகைவாரியாக மூன்று அடுக்காகப் பிரித்தால் அடுத்த நாளின் முதல் பத்து நிமிடம் எதற்கு என்பது தெரிந்துவிடும். ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதிவையுங்கள்: எந்தப் பாடம், எந்தப் பிழை, நான் சொன்ன எந்த வாக்கியத்திலிருந்து அது வந்திருக்கலாம், அடுத்த ஆண்டு எப்படிச் சொல்வேன். விடைத்தாள் திருத்தும்போது எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட வேண்டியதில்லை. இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், எங்கே தவறியது என்ற குறிப்பை மட்டும் பெற்ற பிள்ளைகள் அடுத்த பணியில் முன்னேறினார்கள், குறிப்போடு மதிப்பெண்ணும் சேர்ந்து பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. மதிப்பெண்ணைப் பார்த்ததும் கண் குறிப்புக்குப் போவதில்லை.

இதைத் தனி ஆளாகச் செய்வதைவிடக் கூடிச் செய்வது எளிது. ஜப்பானில் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பின்னால் அமர்ந்து ஆசிரியரை விட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கவனிப்பார்கள், பிறகு பாடத்தைத் திருத்துவார்கள். நீண்ட காலமாக அங்கே அது வழக்கம். நம்மிடம் குறுவள மையக் கூட்டங்கள் இருக்கின்றன, வட்டார வள மையங்கள் இருக்கின்றன, முனைஞ்சிப்பட்டியில் மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனம் இருக்கிறது. அந்தக் கூட்டங்களில் ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகளின் விடைத்தாள்களுக்கு ஒதுக்கலாம். ஒவ்வொருவரும் தம் வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பிழையைக் கொண்டுவந்து மேசையில் வைக்கட்டும். ஒரே ஆண்டில் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் எங்கெங்கே தடுக்குகிறார்கள் என்ற வரைபடமே கைக்கு வந்துவிடும். எந்த வெளியூர்ப் பயிற்சிக் கையேட்டிலும் அது கிடைக்காது.

அப்படிப் பேச வேண்டுமானால் பேசியவருக்குத் தீங்கு வராது என்ற உறுதி வேண்டும். இந்த வரி கல்வி அலுவலர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் சேர்த்து. பேறுகாலத்தில் ஒரு தாய் இறந்தால் ஏன் இறந்தார், எங்கே தாமதமானது என்று ஒவ்வொரு இறப்பையும் தணிக்கை செய்யும் முறையைத் தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை பல ஆண்டுகளாக வைத்திருக்கிறது. உயிர் போகும் துறையிலேயே தவற்றை மறைப்பதைவிட ஆராய்வது மேல் என்று கற்றுக்கொண்டிருக்கிறோம். தேர்ச்சி விழுக்காடு குறைந்ததும் விளக்கம் கேட்டு ஓலை அனுப்பும் அலுவலகம், தன் ஆசிரியர்களுக்குக் கற்பிப்பது அடிக்கு அஞ்சும் பிள்ளை கற்ற அதே வித்தையைத்தான். உண்மையைச் சொன்னவருக்கு உதவி போகும், தண்டனை போகாது என்று ஒருமுறை நடந்து காட்டினால் மறைப்பதற்கு அவசியம் இருக்காது.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் கேட்பது சிறிது. வரும் திங்கட்கிழமை ஏதேனும் ஒரு பாடவேளையில், வழக்கமாகக் கை தூக்காத பிள்ளை ஒன்றின் நோட்டை எடுத்துப் பாருங்கள். அதில் ஒரு தவறான விடையைத் தேர்ந்து, சரி தவறு என்று ஒன்றும் சொல்லாமல், "இது எப்படி வந்துச்சு, சொல்லு" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மூன்று விநாடி பொறுத்திருங்கள். அந்தப் பிள்ளை தயங்கித் தயங்கிச் சொல்லும் வழியில், நீங்கள் திறந்துவிட்ட தண்ணீர் எந்த இடத்தில் திசைமாறிப் போனது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். அதன்பின் மண்வெட்டியை எங்கே போட வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மதிப்புடனும் நம்பிக்கையுடனும்,
உங்கள் வகுப்பறைகளின்மேல் அக்கறை கொண்ட ஒருவன்